சர்வர் இடம் மாறியபின் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

சொந்த டேட்டா சென்டரிலிருந்து கிளவுடுக்கோ, கிளவுடிலிருந்து திரும்பச் சொந்த ரேக்குக்கோ ஒரு நிறுவனத்தை நகர்த்தும் வேலையில் எனக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்வது ஒரே மாதிரிப் புகார்கள்தான். எல்லோரும் புது இடத்தைத் திட்டுவார்கள். தோண்டிப் பார்த்தால், பழைய இடம் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, பக்கத்து ரேக்கில் இருந்த டேட்டாபேஸோ, யாரோ எப்போதோ திறந்துவிட்ட ஒரு போர்ட்டோ, உள்ளூர் நேரத்தில் ஓடிய கடிகாரமோ, புது இடத்தில் இருக்காது. அது இருந்தது என்பதையே யாரும் எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

கீழே அறிகுறி வாரியாகப் போட்டிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசே ஆகாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். முதல் இரண்டும் திட்டமிடும்போதே தெரிபவை. ஏற்கனவே மாறிவிட்டுத் தவிப்பவர்கள் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

எதற்கும் முன்னால், பழைய மெஷின்கள் இன்னும் உயிரோடு இருந்தால் அணைக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

அறிகுறி 1: பட்டியலில் 40 சர்வர், எண்ணிப் பார்த்தால் 47

பட்டியல் பழையது, அவ்வளவுதான். ஆனால் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டுப் பட்டியலைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அவர்களும் நினைவிலிருந்துதான் சொல்வார்கள். நெட்வொர்க்கைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் எந்தெந்த இணைப்பு திறந்திருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபைலில் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் போதும், லினக்ஸில் அதற்கு நெட்ஸ்டாட், எஸ்எஸ் என்ற கட்டளைகள் இருக்கின்றன. இதை ஒரு வாரம் ஓடவிட்டு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். சம்பளக் கணக்கும் மாத முடிவு அறிக்கையும் மாதத்தில் ஒருநாள்தான் எட்டிப் பார்க்கும், அதனால் ஒரு மாத முடிவாவது உள்ளே அடங்க வேண்டும்.

→ ஒரு மெஷின் யாருடையது என்றே தெரியவில்லை என்றால்: சுவிட்சில் அதன் போர்ட்டை மட்டும் மூடிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய பழைய மெஷின், அணைத்துவிட்டுப் போட்டால் எழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சுற்றிக்கொண்டே இருந்த ஹார்டு டிஸ்க் நின்றபின் மறுபடி சுற்றாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

→ மென்பொருளை எழுதியவர் இல்லை, சோர்ஸ் கோடும் இல்லை, லைசென்ஸ் யுஎஸ்பி டாங்கிளிலோ நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியிலோ கட்டிப் போடப்பட்டிருக்கிறது என்றால்: அதை முதல் சுற்றில் நகர்த்தாதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, தயாரித்த நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கியபின் முடிவெடுங்கள். அந்த நிறுவனமே இப்போது இல்லையென்றால் அந்த வேலைக்கு மாற்று மென்பொருள் பார்க்கத்தான் வேண்டும், அது வேறு ஒரு தனித் திட்டம்.

அறிகுறி 2: தேதி நெருங்குகிறது, டேட்டா நகர்ந்து முடியவில்லை

முதலில் பேனாவை எடுங்கள். 10 டெராபைட்டை 1 ஜிகாபிட் லைனில் அனுப்பினால், லைன் முழுக்க நமக்கே கிடைத்தாலும் 22 மணி நேரத்துக்கு மேல். அதையே 100 மெகாபிட் லைனில் அனுப்பினால் ஒன்பது நாளைத் தாண்டும். இந்தக் கணக்கைப் போடாமலே "சனிக்கிழமை ராத்திரி நகர்த்திடலாம்" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் நிறைய. பைட்டையும் பிட்டையும் குழப்பிக்கொண்டு எட்டில் ஒரு பங்கு நேரம் போட்டவர்களும் உண்டு.

→ கணக்குப்படிதான் வேகம் இருக்கிறது, நேரம்தான் போதவில்லை: மொத்தத்தையும் கடைசி ராத்திரி அனுப்ப வேண்டியதில்லை. வாரங்களுக்கு முன்பே முழு நகலை அனுப்பிவிட்டு, அப்புறம் மாறியதை மட்டும் தினமும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஃபைல்களுக்கு ஆர்சிங்க் என்ற கருவி, டேட்டாபேஸுக்கு ரெப்ளிகேஷன், அதாவது ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் தொடர்ந்து எழுதிவரும் வசதி. கடைசி ராத்திரி மிச்சமிருப்பது சில நிமிட வேலையாகச் சுருங்கும்.

→ கணக்குப்படி வேகமே வரவில்லை: ஒரே இணைப்பில் அனுப்புகிறீர்களா? தூரம் கூடினால் ஒற்றை இணைப்பால் லைனை நிரப்ப முடியாது, எட்டோ பதினாறோ இணைப்பாகப் பிரித்து அனுப்பிப் பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்களா? கட்டி ஒரே ஃபைலாக்கி அனுப்புங்கள். இரண்டும் சரி என்றால் வழியில் உள்ள ஃபயர்வால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

→ அனுப்புவதைவிட வேகமாக டேட்டா மாறிக்கொண்டிருக்கிறது: தனி லைன் வேண்டும், அல்லது டிஸ்கில் ஏற்றி வண்டியில் அனுப்ப வேண்டும். தனி லைன் கைக்கு வர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். திட்டத்தின் முதல் நாளிலேயே ஆர்டர் போடவேண்டிய ஒரே சாமான் அதுதான். பல டெராபைட் டேட்டாபேஸை சில நிமிட நிறுத்தத்தில் மாற்றியே ஆகவேண்டும் என்றால் இதை ஏற்கனவே செய்து பழகிய டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒருவரைக் கூப்பிடுங்கள், உற்பத்திச் சர்வரில் பழகிப் பார்க்கும் வேலை இல்லை இது.

அறிகுறி 3: மாறியாச்சு, பாதிப் பேருக்கு இன்னும் பழைய சர்வர்தான் வருகிறது

டிஎன்எஸ்தான், பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் அமைப்பு. பழைய பதிவின் டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள் என்று இருந்திருக்கும், மாற்றும் அன்றைக்கே அதையும் 300 ஆக்கியிருப்பீர்கள். பழைய 86,400-ஐ ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் முடியும்வரை உங்கள் 300 தெரியவே தெரியாது. குறைப்பதை இரண்டு நாள் முன்பே செய்திருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது: பழைய சர்வரில் ஒரு ப்ராக்ஸி வைத்து, அங்கே வருவதையெல்லாம் புது இடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

→ ஒரு நாள் கழிந்தும் சிலருக்கு அப்படியே: அந்தப் பதிவுகளைத் தரும் நேம் சர்வரையே மாற்றினீர்களா? டாட் காம் பெயர்களுக்கு மேலே வைத்திருக்கும் நேம் சர்வர் பதிவின் ஆயுள் 48 மணி நேரம். பழைய நேம் சர்வரிலும் புது முகவரியைப் போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

→ வெளியே எல்லோருக்கும் சரி, அலுவலகத்துக்குள் மட்டும் பழையது: உள் டிஎன்எஸ் சர்வரில் அதே பெயருக்குத் தனிப் பதிவு இருக்கிறது. யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

→ மனிதர்களுக்குச் சரி, நம்முடைய ஒரு அப்ளிகேஷன் மட்டும் பழைய இடத்துக்கே போகிறது: பெயருக்கு நேராக ஐபி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த அப்ளிகேஷனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜாவா ப்ராசஸ் அமைப்பைப் பொறுத்துப் பழைய முகவரியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வழக்கமான அமைப்பில் பின்னால் உள்ள சர்வரின் பெயரைத் துவங்கும்போது ஒருமுறை பார்ப்பதோடு சரி. அப்படியும் போகவில்லை என்றால் புரோகிராமுக்குள்ளேயே ஐபி எழுதப்பட்டிருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

இதில் மெய்யான ஆபத்து, பழைய இடத்துக்குப் போகிறவர்கள் பழைய டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருப்பது. மாற்றும் நேரத்திலேயே பழைய டேட்டாபேஸை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் விட்டு இரண்டு பக்கமும் சில மணி நேரம் எழுதியாகிவிட்டது என்றால் அங்கேயே நிறுத்துங்கள், இரண்டையும் நகல் எடுத்து வையுங்கள், டிபிஏவைக் கூப்பிடுங்கள். கையால் ஒட்டவைக்க முயன்று, ஒரே பில் எண்ணில் இரண்டு வாடிக்கையாளர் என்ற நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி 4: மெஷின் பூட் ஆகவே இல்லை

டிஸ்கின் முழு நகலை (இமேஜ், அதாவது படம்) எடுத்துக் கொண்டுபோன மெய்நிகர் மெஷின்களில் வருவது. முதலில் பூட் ஆகும்போது வரும் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலைப் பாருங்கள், யூகிக்காதீர்கள்.

→ லினக்ஸ், எமர்ஜென்சி மோடில் நிற்கிறது: எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க் பெயர் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். பழைய இடத்தில் எஸ்டிஏ என்று இருந்த டிஸ்க் புது இடத்தில் என்விஎம்இ என்று வரும். யுயுஐடியாக, அதாவது டிஸ்குக்கென்றே உள்ள அடையாள எண்ணாக மாற்றுங்கள்.

→ விண்டோஸ், நீலத் திரை, 7பி பிழை: டிஸ்க் டிரைவர் இல்லை. கேவிஎம் வகை மெய்நிகர் தளங்களுக்கு விர்டியோ டிரைவரைப் பழைய இடத்தில் இருக்கும்போதே நிறுவியிருக்க வேண்டும். அங்கே திரும்பிப் போய் நிறுவிவிட்டு மறுபடி படம் எடுப்பதுதான் சுருக்கமான வழி.

→ பூட் ஆகிறது, நெட்வொர்க் இல்லை: நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும், அல்லது உள்ளே பழைய நிலையான ஐபி உட்கார்ந்திருக்கும்.

→ ஒரு எழுத்துகூட வரவில்லை: மெஷினைத் துவக்கும் முறை பயாஸா யுஇஎஃப்ஐயா என்பது இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஆதரவு முடிந்த பழைய இயங்குதளம் என்றால் இரண்டு நாளுக்கு மேல் மல்லுக்கட்டாதீர்கள், புது மெஷினில் புதிதாக நிறுவி டேட்டாவை மட்டும் நகர்த்துவது மலிவு.

அறிகுறி 5: எல்லாம் ஓடுகிறது, ஆனால் மெதுவாக

பெரிய மெஷின் வாங்க ஓடாதீர்கள். எப்போது மெதுவு என்று முதலில் கேளுங்கள், பதிலிலேயே பாதிக் காரணம் இருக்கிறது.

→ எப்போதும், எல்லோருக்கும், ஒரே அளவு மெதுவு: அப்ளிகேஷன் ஒரு பக்கம், டேட்டாபேஸ் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிட்டனவா? பாதிதான் நகர்ந்திருக்கிறது, மீதி அடுத்த மாதம் என்ற திட்டங்களில் இது கட்டாயம் வரும். ஒரு பக்கத்தைத் திறக்க 300 கேள்விகள் டேட்டாபேஸுக்குப் போகின்றன என்று வையுங்கள் (இது மிகை இல்லை, பழைய அப்ளிகேஷன்களில் சர்வசாதாரணம்). பக்கத்து ரேக்கில் இருந்தவரை கேள்விக்கு அரை மில்லிவினாடி, மொத்தம் 0.15 வினாடி. இப்போது போய்வர 20 மில்லிவினாடி என்றால் 6 வினாடி. சிபியு சும்மா இருக்கும், மெமரி சும்மா இருக்கும், லைனும் காலியாக இருக்கும், ஆனால் எல்லோரும் காத்துக்கொண்டிருப்பார்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனால் போய்வரவே 10 மில்லிவினாடி, எவ்வளவு காசு கொட்டினாலும் அது குறையாது. பேசிக்கொள்கிற இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு நகர்த்துவதுதான் தீர்வு, அதற்குத்தான் அறிகுறி 1-இல் அந்த இணைப்புப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். பிரிந்தே இருக்க வேண்டும் என்றால் புரோகிராமைத் திருத்தி 300 கேள்வியை முப்பதாக்க வேண்டும், அதற்கு மென்பொருள் எழுதுபவர் தேவை.

→ காலையில் பறக்கிறது, மதியம் தவழ்கிறது: சேமித்து வைத்த வேகம் தீர்ந்துபோகிறது. அமேசானின் பழைய ஜிபி2 வகை டிஸ்க் 100 ஜிகாபைட் அளவில் இருந்தால், அதன் நிரந்தர வேகம் வினாடிக்கு 300 வாசிப்பு-எழுத்து மட்டுமே. சேர்த்து வைத்த கிரெடிட்டில் 3,000 வரை எகிறும், அந்தக் கிரெடிட் முழு வேகத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுமேல் தாங்கும். சோதனையில் எல்லோரும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு சபாஷ் என்று கைதட்டியிருப்பார்கள். ஜிபி3-க்கு மாற்றினால் 3,000 நிரந்தரமாகவே கிடைக்கும். சிறிய மெஷின் வகைகளில் சிபியுவுக்கும் இதே மாதிரிக் கிரெடிட் கணக்கு உண்டு, கண்காணிப்புத் திரையில் கிரெடிட் கோடு பூஜ்யத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

→ முதல்முறை மட்டும் மெதுவு, இரண்டாம் முறை சரி: ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது முன்பு எடுத்து வைத்த டிஸ்க் நகலிலிருந்து உருவாக்கிய டிஸ்க். டேட்டா முதல்முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து வந்து சேர்கிறது. டிஸ்க் முழுவதையும் ஒருமுறை வாசிக்கவைத்துவிட்டு அப்புறம் ஆட்களை உள்ளே விடுங்கள்.

அறிகுறி 6: பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய ஃபைல் மட்டும் தொங்குகிறது

இதில் ஆட்கள் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் எல்லாச் சோதனையும் பாஸ் ஆகும். இரண்டு இடத்துக்கும் நடுவே விபிஎன் இருந்தால் சந்தேகமே வேண்டாம், எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1,500 பைட், விபிஎன் தன் உறையைப் போர்த்தியபின் உள்ளே அவ்வளவு கொள்ளாது. துண்டாக்காதே என்ற குறியோடு 1,472 பைட் பிங் அனுப்புங்கள், 28 பைட் தலைப்போடு சேர்ந்து அது 1,500. போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்துப் போகும் அளவைக் கண்டுபிடியுங்கள், பிறகு ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டாவின் உச்சம்) அளவை அதற்குக் கீழே இறுக்குங்கள். அப்படியே ஃபயர்வாலில் யாராவது பிழைச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பியை முழுக்க அடைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற செய்தி அதில்தான் திரும்பி வரும், அடைத்துவிட்டால் அனுப்பியவருக்கு எதுவுமே தெரியாது.

→ பெரிய ஃபைலும் போகிறது, ஆனால் சும்மா இருந்துவிட்டு வந்தால் இணைப்பு செத்திருக்கிறது: நடுவில் இருக்கும் பெட்டி பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடுகிறது. அமேசானின் நாட் கேட்வே 350 வினாடியில் மறக்கும், அஸூர் லோடு பேலன்சர் இயல்பாக 4 நிமிடத்தில். லினக்ஸோ 7,200 வினாடி கழித்துத்தான் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் செய்தி) அனுப்பவே ஆரம்பிக்கும். அதை 200-க்குக் குறைத்து, அப்ளிகேஷன் அந்த இணைப்புக்குக் கீப்அலைவைப் போட்டிருக்கிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

→ சில முகவரிகளுக்கு மட்டும் போகவே இல்லை: இரண்டு பக்கமும் ஒரே உள் ஐபி வரிசை. அமேசானின் இயல்பு நெட்வொர்க் 172.31-இல் வரும், டாக்கர் 172.17-ஐ எடுத்துக்கொள்ளும், எல்லா அலுவலகமும் 10.0-இல் இருக்கும். மோதல் ஒரு சப்நெட்டில் என்றால் முகவரி மாற்றுங்கள். முழு நெட்வொர்க்கும் மோதினால் நெட்வொர்க் வல்லுநர் வந்துதான் தீரவேண்டும்.

அறிகுறி 7: மின்னஞ்சல் போகவில்லை, கூட்டாளி நிறுவனத்தின் சர்வர் நம்மை உள்ளே விடவில்லை

கூட்டாளி விஷயம் எளிது: அவர்கள் ஃபயர்வாலில் நம் பழைய ஐபிதான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மாற்றச் சொல்லி எழுத ஒரு நிமிடம், அவர்கள் மாற்ற மூன்று வாரம். ஆகவே புது ஐபியைக் கைப்பற்றியவுடனேயே எழுதிவிடுங்கள், பழையதையும் எடுக்க வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மின்னஞ்சலுக்கு, மின்னஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட் 25-ஐப் பாருங்கள். கூகுள் கிளவுட் மெஷின்களிலிருந்து வெளியே போகும் போர்ட் 25 இயல்பாகவே அடைபட்டிருக்கும், அமேசானிலும் அஸூரிலும் கட்டுப்பாடு உண்டு. 587 வழியாக ஒரு மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்துங்கள். போகிறது ஆனால் ஸ்பேமில் விழுகிறது என்றால் எஸ்பிஎஃப் பதிவில் (நம் பெயரில் யார் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பட்டியல்) புது முகவரி இல்லை.

அறிகுறி 8: எல்லாம் நன்றாக ஓடுகிறது, கணக்குதான் இடிக்கிறது

சத்தமே போடாத பிழைகள், எனக்கு இவைதான் பயம்.

→ ராத்திரி வேலைகள் தப்பான நேரத்தில் ஓடுகின்றன, தேதி ஒருநாள் தள்ளி விழுகிறது: புது சர்வர் உள்ளூர் நேரத்தில் ஓடாமல் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகிறது. நேரம் குறித்த வேலைகளின் க்ரான் பட்டியலைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை, ஏற்கனவே தவறான தேதியில் எழுதப்பட்ட பதிவுகளைத் திருத்துவதுதான் வேலை.

→ டேபிள் இல்லை என்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது: மைஎஸ்கியூஎல் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்திருக்கிறது, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இப்போது வேறு வேறு. 8.0 பதிப்பில் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமா என்ற அமைப்பை டேட்டாபேஸை முதன்முதலில் உருவாக்கும்போதே வைக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

→ இருக்கிற வாடிக்கையாளரைத் தேடினால் இல்லை என்கிறது, ஒரு மதிப்பு ஒருமுறைதான் வரவேண்டிய நெடுவரிசையில் இரட்டைப் பதிவு: போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டரை அப்படியே புது லினக்ஸுக்கு நகர்த்தினீர்களா? லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு எழுத்து வரிசையை மாற்றியது, பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் புது வரிசையில் தப்பாகத் தேடும். எல்லா எழுத்து இண்டெக்ஸையும் மறுபடி கட்டுங்கள். இரட்டைப் பதிவு ஏற்கனவே விழுந்திருந்தால் கட்டவும் விடாது, அப்போது டிபிஏ.

அறிகுறி 9: பில் மதிப்பீட்டைவிட இரண்டு மடங்கு

எந்த மெஷினோடும் ஒட்டாமல் கிடக்கும் டிஸ்க், மறந்துபோன ஸ்னாப்ஷாட், சோதனைக்கு எழுப்பி அணைக்காத மெஷின். இவற்றைக் களைந்தாலே கணிசமாக இறங்கும். அப்புறம் பழைய சர்வரின் அளவையே அப்படியே வாங்கினீர்களா என்று பாருங்கள். அந்த மெஷின் அங்கே பத்து சதவீதம் சிபியுவில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும், சொந்த மெஷின் வாங்கும்போது ஐந்து வருடத்துக்குச் சேர்த்து வாங்குவது வழக்கம், வாடகைக்கு எடுக்கும்போது அது தேவையில்லை. அடுத்து, இரண்டு ஸோன்களுக்கு (ஒரே கிளவுடின் தனித்தனி டேட்டா சென்டர்ப் பகுதிகள்) நடுவே டேட்டா ஓடும் கட்டணமும் நாட் கேட்வே கட்டணமும்.

→ இவையெல்லாம் சரி, பில்லில் லைசென்ஸ்தான் பெரிய தொகை: ஆரக்கிள் டேட்டாபேஸா? சொந்த இன்டெல் சர்வரில் ஒரு கோருக்கு அரை லைசென்ஸ். அமேசான், அஸூர் போன்ற கிளவுடுகளில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு விசிபியுவாக, அதாவது மெய்நிகர் சிபியுவாகக் காட்டுவது) உள்ள மெஷினில் இரண்டு விசிபியுவுக்கு ஒரு லைசென்ஸ், அதாவது அதே ஒரு கோருக்கு முழு லைசென்ஸ். நகர்ந்ததாலேயே தேவை இரட்டிப்பாகிவிட்டது. இதில் சொந்தமாக முடிவெடுக்காதீர்கள், லைசென்ஸ் தெரிந்த ஆலோசகர் கேட்கும் காசு தணிக்கையில் போகும் காசைவிடக் குறைவு.

→ திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றுகிறது, டேட்டாவை வெளியே எடுக்கும் கட்டணம் பயமுறுத்துகிறது: முழுக்க வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டணத்தைக் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024-இன் ஆரம்பத்தில் தள்ளுபடி செய்தன. ஆனால் எடுக்க ஆரம்பிக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

அறிகுறி 10: பின்வாங்கலாம் என்றால் முடியவில்லை

பின்வாங்கும் திட்டம் தாளில் இருந்திருக்கும், ஒத்திகை பார்த்திருக்க மாட்டீர்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதுத் தளத்துக்கு நகர்த்தியது. ஏராளமானோர் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்றார்கள். இரண்டு டேட்டா சென்டரும் சேர்ந்தே ஓடும் அமைப்பில் சுமைச் சோதனையை ஒன்றில் மட்டும் நடத்தியிருந்தார்கள் என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

→ மாறி ஒரு மணி நேரத்துக்குள்: பழைய டேட்டாபேஸ் பூட்டியபடியே இருக்கிறது, புதிதில் எழுதியது சொற்பம். டிஎன்எஸ்ஸைத் திருப்புங்கள், அந்தச் சொற்பத்தைக் கையால் ஏற்றுங்கள்.

→ ஒரு நாள் ஆகிவிட்டது: புதிதிலிருந்து பழையதற்குத் திரும்பும் ரெப்ளிகேஷனை முன்பே போட்டிருந்தால் மட்டும் முடியும். போடவில்லை என்றால் முன்னால்தான் போக வேண்டும், புது இடத்திலேயே சரிசெய்யுங்கள்.

→ ஒரு வாரம் ஆகிவிட்டது: இனி இதைப் பின்வாங்கல் என்று சொல்லாதீர்கள், எதிர்த் திசையில் இன்னொரு முழு மாற்றம் அது. அறிகுறி 1-இலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள், பழைய ரேக் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இன்றைக்கே பார்த்துவிட்டு.